நேராகப் பறந்த விமானம் திருப்பத்தில் விழுந்தது ஏன்: தோவாளை வயல்வெளியில் கற்றவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமானப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலரும், சொந்தமாகச் சிறு விமானம் கட்டிப் பறக்கவிட முனையும் இளைஞர்கள் சிலரும், சில ஆண்டுகளுக்கு முன் நான் பட்ட அதே பாட்டை இப்போது படுவதைப் பார்க்கிறேன். நேராகப் பறக்கும்போது அழகாக இருக்கிறது, திருப்பும்போது மட்டும் விழுந்துவிடுகிறது என்று அவர்கள் சொல்லும்போது, நான் இழந்த பணமும் கல்லூரியின் கடைசி ஆண்டும் நினைவுக்கு வருகின்றன. அன்று எனக்கு இதை எடுத்துச் சொல்ல அருகில் யாரும் இருக்கவில்லை. பாடநூலில் எல்லாம் இருந்தது. ஆனால் சமன்பாடாக இருந்தது. அந்தச் சமன்பாடு வயல்வெளியில் எந்த உருவத்தில் வந்து நிற்கும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் பாதிச் செலவோடு தப்பியிருப்பேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நாங்கள் எடுத்துக்கொண்டது, வாழைத் தோட்டங்களை மேலிருந்து படமெடுக்கும் ஒரு சிறு விமானம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் பகுதியில் வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்த கிடப்பைப் பார்த்தவர்களுக்கு, சேதத்தைக் கணக்கெடுக்க அலைந்த அலைச்சல் தெரியும். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். குத்தகைக்கு எடுத்துக் கொஞ்சம் வாழையும் வைத்திருந்தார். நான்கு விசிறி ட்ரோனை விட, இறக்கை வைத்த விமானம் அதே பேட்டரியில் நெடுநேரம் பறக்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் நிலத்தைப் படமெடுக்கும் விமானம் உழவு சால் போலப் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சால் முடிவிலும் முழுத் திருப்பம் ஒன்று உண்டு. அதாவது எங்கள் வேலையில் பாதி, திரும்பும் வேலைதான். இதை அப்போது குழுவில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. எடை, பறக்கும் நேரம், கேமரா ஆகியவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வேலைவாய்ப்புப் பயிற்சிகள் தொடங்கியதும் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகிவிட்டார்கள், விமானம் என் தலையில் வந்து விழுந்தது.

வரைபடத்தையும் ஃபோம் உறுப்புகளையும் இணையத்தில் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். இறக்கையின் முழு நீளம் 1.8 மீட்டர், நடுவில் 26 சென்டிமீட்டர் அகலம், நுனியில் 14 சென்டிமீட்டர். பார்ப்பதற்குப் பருந்தின் இறக்கை போல நளினமாக இருந்தது, அந்த நளினத்துக்கு என்ன விலை என்பது பின்னால்தான் தெரிந்தது. மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், விமானத்தின் அசையும் பலகைகளை இயக்கும் சர்வோ என்ற சிறு மோட்டார்கள், லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ரிசீவர் எல்லாம் சேர்த்து, கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டர் நீங்கலாக, ஏறத்தாழ 16,000 ரூபாய் ஆனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. பறக்கும் நிலையில் எடை 1.4 கிலோ.

மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் தோவாளைப் பக்கம் தாள் மட்டும் நிற்கும் வயல் ஒன்றில் அனுமதி கேட்டுப் பறக்கவிட்டேன். கையால் எறிந்ததும் விமானம் நிதானமாக ஏறி, விரல் படாமலேயே நேர்கோட்டில் போனது. அந்தச் சில நொடிகளில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போதும் மறக்கவில்லை. பிறகு வலப்பக்கம் திருப்புவதற்காக எய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். எய்லரான் என்பது விமானத்தைச் சாய்ப்பதற்காக இறக்கைகளின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை. விமானம் வலப்பக்கம் சாயத் தொடங்கியது, ஆனால் மூக்கு இடப்பக்கம் போனது. சாய்வும் பாதியில் தயங்கி நின்றது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். மூக்கு இன்னும் இடப்பக்கம் விலகியது. விமானம் ஒரு பக்கமாகச் சறுக்கியபடி, வயலின் ஓரத்திலிருந்த தென்னந்தோப்புக்குள் போய் ஓலைகளுக்கிடையே மாட்டிக்கொண்டது. இறக்கை ஒன்று முறிந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், “மக்களே, நேர போனா நல்லாத்தான் போவுது, திரும்பும்பதான் தள்ளாடுது” என்றார். நோயை அவர் ஒரே பார்வையில் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் விற்ற கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில் வேறாக இருந்தது: எய்லரான் போதவில்லை, அசைவை அதிகமாக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். இறக்கையைக் கார்பன் குழாய் வைத்து ஒட்டி மறுபடி பறக்கவிட்டபோது, நிலைமை முன்னைவிட மோசமாகியிருந்தது.

இதற்குக் காரணம் எளியதுதான், ஆனால் கண்ணுக்கு நேர்மாறாகத் தோன்றும். வலப்பக்கம் சாய்க்கும்போது இடது இறக்கையின் எய்லரான் கீழே இறங்கி அந்த இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டுகிறது. தூக்குவிசை கூடினால் அதோடு சேர்ந்து பின்னிழுப்பும் கூடும். உயரும் இறக்கையைக் காற்று பின்னால் பிடித்து இழுப்பதால் மூக்கு அந்தப் பக்கமே திரும்புகிறது. முட்டத்துக் கடலில் வள்ளம் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கத் துடுப்பைத் தண்ணீருக்குள் ஊன்றிப் பிடித்தால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், அந்தப் பக்கம் திரும்புவதும் இதே கணக்குதான். பாடநூல் இதை அட்வெர்ஸ் யா என்கிறது. இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் உண்டு. மூக்கு இடப்பக்கம் விலகியதும் காற்று வலப்பக்கமிருந்து வந்து மோதுகிறது. இறக்கைகள் சற்று மேல்நோக்கி மடிந்த டைஹெட்ரல் அமைப்புள்ள விமானம், அந்தப் பக்கக் காற்றுக்கு எதிர்வினையாக இடப்பக்கமே சாயப் பார்க்கிறது. நாம் வலப்பக்கம் சாய்க்கிறோம், விமானம் தானாக இடப்பக்கம் சாய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் எய்லரானுக்கு வலுவே இல்லாதது போலத் தோன்றுகிறது. அந்த நிலையில் எய்லரான் அசைவைக் கூட்டினால் பின்னிழுப்பும் கூடி, நோய்தான் வளரும். கடைக்காரர் சொன்ன யோசனை என்னை இந்தக் குழிக்குள்தான் தள்ளியது. அந்த ஒரு தவறான யோசனையால் மோட்டார் மவுண்டும் இரண்டு சர்வோக்களும் போயின.

ரைட் சகோதரர்களும் இதே இடத்தில் தடுமாறியவர்கள் என்பதைப் பிறகு படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. 1901-இல் அவர்கள் கிட்டி ஹாக்கில் பறந்த கிளைடரில் இறக்கையை முறுக்கிச் சாய்த்தபோது, சில வேளைகளில் அது எதிர்ப்பக்கம் திரும்பியது. 1902 கிளைடரில் முதலில் அசையாத செங்குத்து வால் வைத்துப் பார்த்து, பிறகு அதை அசையும் ரடராக மாற்றி, இறக்கை முறுக்கத்தோடு இணைத்தார்கள். திருப்பம் கட்டுக்குள் வந்தது அதன் பிறகுதான். ரடர் என்பது படகின் சுக்கான் மாதிரி விமானத்தைத் திருப்பும் கருவி என்றே நானும் வகுப்பில் எண்ணியிருந்தேன். உண்மையில் விமானத்தைத் திருப்புவது சாய்ந்த இறக்கையின் தூக்குவிசைதான். அந்த விசையின் ஒரு பகுதி கிடைமட்டமாக விமானத்தை வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கிறது. மூக்கு அந்த வட்டத்தோடு இசைந்து போகும்படி பார்த்துக்கொள்வதே ரடரின் வேலை.

இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு சோதனை செய்தேன், உங்களுக்கும் இதையே முதலில் செய்யச் சொல்வேன். கிளைடர் விமானிகள் காக்பிட் கண்ணாடியில் ஒரு நூலை ஒட்டி வைப்பார்கள். அதே முறையில், விமானத்தின் முதுகில் முன்னோக்கிப் பார்க்கும் சிறு கேமராவை வைத்து, அதன் முன்னால் ஒரு சாண் தள்ளி, சிவப்புக் கம்பளி நூலின் ஒரு முனையை டேப்பால் ஒட்டினேன். புரொப்பெல்லரின் காற்று நூலைக் கலைக்காதபடி, மோட்டாரை அணைத்துச் சறுக்கும்போது எடுத்த காட்சிகளை மட்டும் பார்த்தேன். நேராகப் போகும்போது நூல் கேமராவை நோக்கி நேராக நீண்டு துடித்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளிய நொடியில், அடிவானம் சாய்வதற்கும் முன்பாகவே, நூலின் நுனி இடப்பக்கம் போய் ஒதுங்கி நின்றது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். காற்று வலப்பக்கமிருந்து வருகிறது, மூக்கு இடப்பக்கம் போய்விட்டது, இப்போது தேவை வலது ரடர் என்று அந்த நூல் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து ரூபாய் கூடப் பெறாத இந்த நூலை முதல் நாளே ஒட்டியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

சரிசெய்வதற்கு இரண்டு வழிகளையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலாவது, எய்லரான் மேலே போகும் அளவை விடக் கீழே இறங்கும் அளவைக் குறைப்பது. டிஃபரன்ஷியல் என்று டிரான்ஸ்மிட்டர் மெனுவிலேயே இருக்கும். இரண்டு எய்லரான்களுக்கும் தனித்தனி சர்வோவும் தனித்தனி சேனலும் இருந்தால்தான் இதை எளிதாக அமைக்க முடியும். ஒரே சர்வோவில் இரண்டையும் கட்டும் வரைபடத்தை வாங்காதீர்கள். நான் மேலே 14 மில்லிமீட்டர், கீழே 7 மில்லிமீட்டர் என்று வைத்தேன். இரண்டாவது, எய்லரான் ஸ்டிக்கை அசைத்தாலே ரடரும் அதே பக்கம் கொஞ்சம் அசையும்படி மிக்ஸிங் வைப்பது. 30 விழுக்காட்டில் தொடங்கி, நூல் நடுவில் நிற்கும்வரை கூட்டியும் குறைத்தும் பாருங்கள். சாய்வைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும்தான் ரடர் மிகுதியாகத் தேவை. நிலையான திருப்பத்தில் எய்லரான் ஏறத்தாழ நடுவுக்கு வந்துவிடுவதால் ரடரின் தேவையும் குறைந்துவிடும். நாளடைவில் மிக்ஸிங்கை நிறுத்திவிட்டு விரலாலேயே ரடர் கொடுக்கப் பழகுவது நல்லது, ஏனென்றால் வேகம் குறையக் குறையத் தேவைப்படும் ரடரின் அளவு கூடிக்கொண்டே போகும். அந்த வேறுபாடு மிக்ஸிங்குக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எய்லரானே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. டைஹெட்ரல் நன்றாக வைத்து, ரடரும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் மட்டும் உள்ள விமானத்தில் தொடங்கினால், ரடர் மூக்கைத் திருப்ப, அதனால் வரும் பக்கக் காற்று விமானத்தைச் சாய்க்க, திருப்பம் தானாக இசைந்து வரும்.

இவ்வளவும் ஆனபின் விமானம் திரும்பக் கற்றுக்கொண்டது என்று நம்பினேன். அதற்குள் வைகாசி பிறந்து, வயல்களில் அடுத்த போகமான கன்னிப்பூவுக்குத் தண்ணீர் கட்டிவிட்டார்கள். திட்டப்பணி மதிப்பாய்வில் பறப்புத் தரவு இல்லாமலேயே அறிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. மதிப்பெண் குறைந்தது, அதைக் காட்டிலும் எல்லோர் முன்னிலையிலும் பறக்காத விமானம் என்று பெயர் வாங்கியது என்னை மிகவும் வருத்தியது. எப்படியும் முடித்துவிட வேண்டும் என்ற உறுதியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தரிசு நிலத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனேன். அந்தக் கணவாயின் காற்றைப் பற்றி நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். அன்று காற்று மிதமாகவே இருந்தது. எதிர்காற்றில் ஏறிய விமானத்தைத் திருப்பிக் காற்றோடு கொண்டுவந்தபோது, அது தரையைப் பொறுத்து மிக வேகமாகப் போவது போலத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் எவருடைய கையும் மோட்டாரின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைக்கும், திருப்பத்தை இறுக்கும். இடப்பக்கம் வெகுவாகச் சாய்ந்த விமானத்தின் இடது இறக்கை திடீரென்று கீழே விழுந்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளித் தூக்கப் பார்த்தேன். அது இன்னும் வேகமாக அதே பக்கம் புரண்டு, சுழன்றபடி இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே தரையில் குத்தியது. கேமரா, மோட்டார், மூக்குப் பகுதி எல்லாம் போயின. பேட்டரி உப்பிவிட்டது. உப்பிய லைப்போவை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, வீட்டுக்குள்ளும் வைக்கக்கூடாது. அதுவரை ஆன மொத்த இழப்பு 35,000 ரூபாயைத் தாண்டியது. அன்றிரவு அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

இந்த விபத்துக்கான கணக்கை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் திருப்பத்தில் விழும் சிறு விமானங்களில் பெரும்பாலானவை இதனால்தான் விழுகின்றன என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். என் விமானம் நேராகப் பறக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 7.5 மீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும். அதாவது இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். உயரம் குறையாமல் சாய்ந்து திரும்பும்போது, எடையைத் தாங்குவதோடு திருப்பத்துக்கான இழுப்பையும் இறக்கையே கொடுக்க வேண்டியிருப்பதால், சுமை கூடுகிறது. 30 பாகைச் சாய்வில் சுமை 1.15 மடங்கு, 45 பாகையில் 1.41 மடங்கு, 60 பாகையில் இரண்டு மடங்கு. ஸ்டால் வேகம் இதன் வர்க்கமூலத்தின் அளவில் ஏறும்: 30 பாகையில் 7 விழுக்காடு, 45 பாகையில் 19 விழுக்காடு, 60 பாகையில் 41 விழுக்காடு. ஆக, என் விமானத்துக்கு 45 பாகையில் ஸ்டால் வேகம் நொடிக்கு 9 மீட்டர், 60 பாகையில் 10.6 மீட்டர். நான் பறந்துகொண்டிருந்ததோ 12 மீட்டரில். த்ராட்டிலைக் குறைத்ததும் மிச்சமிருந்த இடைவெளி கரைந்துபோயிற்று. கவனியுங்கள், 45 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவிலிருக்கும் அந்த 15 பாகையில் வரும் ஏற்றம், சுழியிலிருந்து 45 பாகை வரை வந்த மொத்த ஏற்றத்தை விட அதிகம். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இரண்டு சாய்வுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

காற்றோடு பறக்கும்போது விமானம் வேகமாகத் தெரிவது தரையைப் பொறுத்த வேகம் மட்டுமே. இறக்கைக்குத் தெரிந்தது தன்மேல் ஓடும் காற்றின் வேகம் ஒன்றுதான். எனவே ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தை நம்பித் த்ராட்டிலைக் குறைக்கக் கூடாது. காற்றுள்ள நாளில் அது கொடுக்கும் எண் இந்த வேலைக்கு உதவாது. பணமிருந்தால், காற்றைப் பொறுத்த வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் வைத்த உணரி வாங்குங்கள். இல்லையென்றால் காற்றோடு திரும்புவதற்கு முன் த்ராட்டிலைச் சற்றுக் கூட்டிவிட்டு, திருப்பம் முடியும்வரை அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒரு பக்க இறக்கை மட்டும் முதலில் விழுந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள். திருப்பத்தில் உள்பக்க இறக்கை சிறிய வட்டத்திலும் வெளிப்பக்க இறக்கை பெரிய வட்டத்திலும் போகின்றன. 45 பாகைச் சாய்வில் 12 மீட்டர் வேகத்தில் என் விமானத்தின் திருப்ப ஆரம் ஏறத்தாழ 15 மீட்டர். அதில் உள்பக்க நுனியின் வேகம் நடுவை விட 4 விழுக்காடு குறைவு, தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அங்கே 8 விழுக்காடு குறைகிறது. விமானம் தானாகவே மேலும் மேலும் சாயப் பார்ப்பதும் இதனால்தான். அதைத் தடுக்க நாம் எதிர் எய்லரானைப் பிடித்திருக்கிறோம், அதாவது ஏற்கெனவே வேகம் குறைந்த உள்பக்க நுனியில் எய்லரானைக் கீழே இறக்கி அதற்கு இன்னும் வேலை கொடுக்கிறோம். இரண்டாவது காரணம், நான் வாங்கிய வரைபடத்தின் அந்த நளினமான கூரிய நுனி. இவ்வளவு சிறிய, மெதுவாகப் பறக்கும் விமானத்தில் ஒடுங்கிய நுனிகள் எளிதில் முதலில் ஸ்டால் ஆகிவிடும். அதைத் தடுக்க, நுனியின் பின்விளிம்பு சற்று மேலே இருக்கும்படி இறக்கையை இரண்டு மூன்று பாகை முறுக்கி வைப்பார்கள். வாஷ்அவுட் என்று பெயர். என் வரைபடத்தில் அது இல்லவே இல்லை. விழுந்த இறக்கையை எய்லரானால் தூக்க முயன்றதும் இதனால்தான் பலிக்கவில்லை: ஸ்டால் ஆன நுனியில் எய்லரானைக் கீழே இறக்கினால் ஸ்டால் ஆழமாகும், பின்னிழுப்பு கூடும், விமானம் சுழலுக்குள் போகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எலிவேட்டரைத் தளர்த்துவது, எய்லரானை நடுவில் விடுவது, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ரடர் கொடுப்பது. கை இதற்கு எளிதில் இசையாது. தரையை நோக்கி விழும் விமானத்தின் எலிவேட்டரைத் தளர்த்த மனம் வராது. ஆகவே மூன்று தென்னை உயரத்துக்கு மேல் ஏறி, வேண்டுமென்றே ஸ்டால் செய்து, மீட்டுப் பழகிய பிறகுதான் தாழ்ந்த திருப்பங்களுக்கு வர வேண்டும். விமானத்தின் எடை மையமான சி.ஜி. சரியாக இல்லாமல் இந்தப் பழக்கத்தில் இறங்கவே கூடாது. இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் அது அமைய வேண்டும். பின்னால் போகப் போக மீட்பு கடினமாகும்.

அடுத்த இறக்கையை நானே கட்டினேன்: நடுவிலிருந்து நுனிவரை ஒரே 20 சென்டிமீட்டர் அகலம், நுனிகளில் வாஷ்அவுட். அழகில்லாத பலகை போன்ற இறக்கை, ஆனால் ஸ்டால் ஆகும்போது நடுவிலிருந்து தொடங்கி, மூக்கை மெதுவாகத் தாழ்த்தி எச்சரித்துவிட்டுத்தான் விழுந்தது. இதில் வேறொரு சிக்கல் வந்தது. பாதுகாப்புக்காக டைஹெட்ரலை நிறையவே கூட்டியிருந்தேன். அதன் விளைவாகத் திருப்பத்திலிருந்து நேராகும்போது வால் இடமும் வலமும் ஆட, அதோடு இறக்கைகளும் மாறி மாறிச் சாய்ந்தன. டச்சு ரோல் என்று படித்தது இதுதான். எடுத்த படங்கள் எல்லாம் குழம்பின. செங்குத்து வாலைப் பெரிதாக்கினேன், ஆட்டம் அடங்கியது. கூடவே, இருந்த டைஹெட்ரல் மிகுதி என்று எண்ணி அதையும் வெகுவாகக் குறைத்தேன். இப்போது விமானம் வேறு குணம் காட்டியது: ஸ்டிக்கை விட்டால் திருப்பத்திலிருந்து வெளிவராமல், மூக்கு தாழ்ந்து, வேகம் கூடி, வட்டம் சுருங்கிக்கொண்டே போயிற்று. பெரிய வால் எப்போதும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவிடுவதால், இறக்கையை நிமிர்த்தத் தேவையான பக்கக் காற்றே டைஹெட்ரலுக்குக் கிடைக்காமல் போகிறது. ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து மற்றதை வளர்க்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து முடிவு செய்யாமல், வாலின் பரப்பையும் டைஹெட்ரலையும் சேர்த்தே எடை போட வேண்டும். வட்டம் சுருங்கத் தொடங்கிய அந்த நாளில் எலிவேட்டரை மட்டும் இழுத்திருந்தால் வட்டம் இன்னும் இறுகியிருக்கும். முதலில் இறக்கையைச் சமமாக்க வேண்டும், அதன் பிறகே மூக்கைத் தூக்க வேண்டும் என்பதை மனத்தில் உருவேற்றி வைத்திருந்ததால் விமானம் பிழைத்தது. இறுதியில் இரு பக்கமும் நான்கு பாகை டைஹெட்ரல், முதலில் இருந்ததை விடச் சற்றே பெரிய வால் என்று அமைந்தது. எல்லாச் சிறு விமானமும் கைவிட்டால் தானே நிமிர வேண்டும் என்பதில்லை. மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகும் குணம் மனிதர் ஏறிப் பறக்கும் விமானங்களிலும் உண்டு. திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும் அளவுக்கு அது மெதுவாக இருந்தால் போதும்.

களத்தில் பார்க்க வேண்டிய சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். எறிவதற்கு முன் விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சர்வோ வயர் மாறியிருந்தால் தெரிவது அங்கேதான். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும். தாழ்ந்திருக்கும் இறக்கை எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் அது நிமிரும். ஆனி, ஆடியில் கணவாயின் அருகே புதியவர்கள் பறக்கவிட வேண்டாம். மலைகளுக்கும் காற்றாலைகளுக்கும் காற்றடிக்கும் திசையில் பின்புறம் கலங்கிய காற்று வெகுதூரம் வரும். தரைக்கு அருகே காற்று குறைந்தும் மேலே கூடியும் இருப்பதால், தாழ்வாகச் சாய்ந்து திரும்பும்போது இரண்டு இறக்கைகளுக்கும் வெவ்வேறு காற்று கிடைக்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் வான்பரப்பு வரைபடத்தில் பார்த்தே ஆக வேண்டும். மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் மாவட்ட எல்லைக்கு அப்பால் மிக அருகிலேயே இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களின் பக்கம் போகவே வேண்டாம், அவை பறவைகளுக்கான இடம்.

பலர் என்னிடம், சாய்வைத் தானாகத் திருத்தும் ஒரு கைரோவோ, தானே பாதை பிடித்து விமானத்தைச் செலுத்தும் ஆட்டோபைலட்டோ வைத்துவிட்டால் இத்தனை தொல்லையும் தீராதா என்று கேட்கிறார்கள். பாதி தீரும். காற்று உலுக்கும்போது சாய்வை அது நன்றாகவே அடக்கும். ஆனால் உள்பக்க நுனி ஸ்டால் ஆகி இறக்கை விழும்போது, எளிய கைரோ செய்வது அன்று என் கை செய்த அதே வேலையைத்தான்: விழும் இறக்கையின் எய்லரானைக் கீழே இறக்கி, சுழலுக்குள் தள்ளிவிடும். ஆகவே விமானத்தைக் கையால் பறக்கவிட்டு, நூலைப் பார்த்து ரடரைச் சரிசெய்து, ஸ்டால் வேகத்தை அளந்த பிறகே ஆட்டோபைலட்டை வைக்க வேண்டும். நான் இப்போது அதில் சாய்வுக்கு 35 பாகை உச்ச வரம்பும், வேகத்துக்கு நொடிக்கு 10 மீட்டர் குறைந்த வரம்பும் கொடுத்திருக்கிறேன். 35 பாகையில் திருப்ப ஆரம் ஏறத்தாழ 21 மீட்டர் ஆவதால், ஒரு சாலிலிருந்து நேரே அடுத்த சாலுக்குப் போகாமல், இடையில் ஒன்றிரண்டு சால்களைத் தாண்டிப் போய்ப் பிறகு விட்டதை நிரப்பும்படி பாதை போட வேண்டியிருக்கிறது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது. அப்பாவின் வாழைத் தோட்டம் முழுவதும் அப்படித்தான் படமாகியது.